கண்டிச் சீமைக்குப் போனவர்கள்: பேரும் எழுத்தும் வாக்கும்

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுக் காலம் தளராமல் இயங்குவது எளிய செயலன்று. வல்லத்திராக்கோட்டை போன்றதோர் ஊரில், உழவும் கூலியும் வாணிபமும் போக எஞ்சிய மாலைப் பொழுதில் கூடித் தமிழ் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே பெருமைக்குரிய செய்தியாகும். அத்தகைய வட்டத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று அன்பர்கள் கேட்டபோது, எதனை எழுதலாம் என்று நெடுநேரம் எண்ணினேன். தொண்டைமான் மன்னர்களைப் பற்றியும் குடுமியான்மலைக் கல்வெட்டைப் பற்றியும் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பற்றியும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். இங்கே இருந்தவர்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. இங்கிருந்து போனவர்களின் வரலாற்றை நாம் இன்னும் எழுதத் தொடங்கவில்லை. கோயில் கட்டியவன் பெயர் கல்லில் இருக்கிறது. பஞ்சம் பிழைக்கப் போனவன் பெயர் எங்கே இருக்கிறது?

நம் பகுதிப் பெரியவர்களின் பேச்சில் "கண்டிச் சீமை" என்றொரு சொல் வழங்கிவந்தது. கண்டி என்பது இலங்கையின் மலைநாட்டுத் தலைநகரம். எனினும் நம்மவர்க்கு அது ஓர் ஊரின் பெயரன்று. அக்கரையில் உள்ள தேயிலை மலைகள் அனைத்திற்கும் அதுவே பெயர். "கண்டிக்குப் போயிருக்கிறார்" என்றால் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களிலிருந்தும் அந்நாளைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் அவ்வாறு போனவர்கள் பல லட்சம் பேர். அவர்தம் வழித்தோன்றல்களையே இன்று மலையகத் தமிழர் என்று அழைக்கின்றோம். அவர்கள் தம் பேரையும் எழுத்தையும் வாக்கையும் எவ்வாறு பெற்றனர், எவ்வாறு இழந்தனர், எவ்வாறு மீட்டனர் என்பதைச் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போன வழி

1820களில் இலங்கையின் கண்டிப் பகுதியில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் என்பவர் தொடங்கிய தோட்டமும் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொடுத்த ஊக்கமும் இதற்கு அடிகோலின. மலைநாட்டுச் சிங்களக் குடியானவர்கள் தம் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. எனவே வெள்ளைத் துரைமார் தென்னிந்தியாவை நோக்கினர். இங்கோ மழை பொய்த்தால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் அடுப்பு எரியாது. நிலமற்ற குடிகளுக்குக் கடனும் சாதிக் கொடுமையும் உடன்பிறந்தவை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் இந்தப் பெயர்வைப் பெருவெள்ளமாக்கியது.

தொண்டி, பாம்பன் போன்ற துறைகளில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே சென்றனர். வழியில் காலராவும் காய்ச்சலும் பசியும் கொண்டுபோன உயிர்களுக்குக் கணக்கில்லை. கோப்பிப் பயிருக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே மிகுதியான ஆள் வேண்டும். ஆதலின் அக்காலத்தில் ஆண்கள் போய்ச் சில மாதம் உழைத்துவிட்டு ஊர் திரும்பினர். 1869இல் கோப்பிச் செடியை ஒருவகைப் பூஞ்சை நோய் தாக்கத் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் கோப்பித் தொழில் அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்து விடும் பயிர். கொழுந்து கிள்ளப் பெண்களின் கை வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாகப் போய் அங்கேயே தங்கும் நிலை உண்டாயிற்று. போய்வரும் கூலிகள் குடியிருக்கும் மக்களாயினர். ஒரு செடி மாறியதால் ஒரு சமூகம் பிறந்தது என்று கூறின் அது மிகையன்று.

தகர வில்லையும் அரைப்பேரும்

ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் பெரும்பாலும் நம் ஊர்ப்புறத்தவரே; உறவினராகவும் இருப்பார். வழிச் செலவுக்கு முன்பணம் கொடுப்பார். அம்முன்பணமே தலைமுறைக் கடனாயிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குப் போக வேண்டுமாயின், கடன் தொகை எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைப் பழைய தோட்டம் தரவேண்டும்; புதிய தோட்டம் அக்கடனை ஏற்றுத் தொழிலாளியைப் பெறும். துண்டு முறை எனப்பட்ட இவ்வழக்கம் 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வேறொரு முறையையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். போகும் ஆளுக்குத் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதனைக் காட்டினால் வழியில் சோறும் வண்டியும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். வசதியான ஏற்பாடுதான். ஆயினும் தாய் தந்தையர் இட்ட பெயருக்கு வழியெங்கும் வேலையில்லை. தகரத்தின் எண்ணுக்கே மதிப்பு என்பதையும் அது முதல் நாளிலேயே கற்பித்துவிட்டது.

தோட்டத்திலும் "பேர்" என்ற சொல்லின் பொருள் மாறிற்று. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் நின்று வேலைக்குப் பதிந்துகொள்வது பேர் கொடுத்தல். ஒரு நாள் கூலி ஒரு பேர். நிறுத்த கொழுந்து குறைந்தாலோ, வேலைக்கு வரத் தாமதமானாலோ விழுவது அரைப்பேர். மனிதனின் பெயரே கூலியின் அளவாகி, அதையும் பாதியாக வெட்டலாம் என்ற நிலையை எண்ணிப் பாருங்கள். இம்மக்களின் பின்னைய அரசியல் வரலாற்றையும் அரைப்பேரின் வரலாறு என்றே சொல்லிவிடலாம்.

பெயரிடும் உரிமையும் அவர்களிடம் இல்லை. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் வேறு, இந்தியத் தமிழர் வேறு என்று முதன்முறையாகப் பிரித்தெழுதினர். அங்கேயே பிறந்து அங்கேயே மடிந்தவரும் ஏட்டில் இந்தியரே. சிங்களக் கிராமத்தார்க்கும் அவர்கள் அந்நியர். யாழ்ப்பாணத்தார் பலர்க்கும் தோட்டக்காட்டார். கோபம் வந்தவர் வாயில் கள்ளத்தோணி.

மரத்தடிப் பள்ளிக்கூடம்

கல்வியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1907, 1920ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வேண்டிய பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தன. சட்டம் ஏட்டில் நன்றாகவே இருந்தது. நடப்பில் பள்ளிக்கூடம் என்பது லயத்தின் ஒரு கோடியறை, அல்லது பிள்ளைக் காம்பராவின் ஒரு பக்கம், அல்லது கோயில் முன்றில், அல்லது ஒரு மரத்தடி. ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்பிற்கு மேல் வகுப்பில்லை. அவ்வாசிரியரே தோட்டத்தின் கணக்கு வேலையையும் பார்ப்பார். மக்களுக்குக் கடிதம் எழுதியும் படித்தும் கொடுப்பார். பத்து வயதானால் பையனின் பெயர் பள்ளிப் பதிவேட்டிலிருந்து தோட்டத்தின் செக்ரோல் புத்தகத்திற்கு மாறும். படித்தவன் கங்காணிக்கு அடங்கமாட்டான் என்ற அச்சம் துரைமார்க்கு இருந்தது. அந்த அச்சத்திற்குக் காரணமும் இருந்தது.

1945இல் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வித் திட்டம் இலங்கை வரலாற்றின் பொன்னேடுகளுள் ஒன்று. ஏழைச் சிங்களவர்க்கும் யாழ்ப்பாணத்தார்க்கும் அது பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிட்டது. தோட்டப் பள்ளிகளோ அதன் பயனைப் பெறாமல் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் நடுப்பகுதி தொடங்கிப் படிப்படியாக அப்பள்ளிகளை அரசு ஏற்றது. ஒரே தீவில், ஒரே சட்டத்தின் கீழ், மலைமேல் இருந்தவர்க்கு மட்டும் இலவசக் கல்வி முப்பது ஆண்டுகள் பிந்தி வந்தது. ஏன் பிந்தியது என்பதை அறிய வாக்கின் கதையைப் பார்க்கவேண்டும்.

அக்கரையில் முந்தி வந்த வாக்கு

டொனமூர்க் குழுவின் பரிந்துரைப்படி 1931இல் இலங்கையில் ஆண் பெண் இருபாலார்க்கும் வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. இந்தியத் தொழிலாளர்க்குக் குடியிருப்பு பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவற்றையும் மீறி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாக்காளராயினர். அதே ஆண்டில் நம் நிலை என்ன? புதுக்கோட்டையில் 1902இல் பிரதிநிதிகள் சபையும் 1924இல் சட்டசபையும் அமைந்திருந்தன. ஆனால் வாக்களிக்கும் தகுதி வரையறுக்கப்பட்ட சிலருக்கே இருந்தது. சென்னை மாகாணத்திலும் அவ்வாறே. ஆக, ஊரில் இருந்த அண்ணனுக்கு இல்லாத வாக்கு, கண்டிக்குப் போன தம்பிக்கு இருபது ஆண்டுகள் முன்னதாகவே கிடைத்தது. தம்பியின் மனைவிக்கும் கிடைத்தது என்பது அதனினும் வியப்பு.

தோட்டத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று பாரிஸ்டரான பெரி சுந்தரம் 1931இல் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராகித் தொழில் அமைச்சராகவும் ஆனார். தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' இதழை நடத்தியும், தொழிற்சங்கம் அமைத்தும் தொழிலாளரைத் தட்டி எழுப்பினார். வெளியார் தோட்டத்திற்குள் நுழைய முடியாத அந்நாளில் புடவை வியாபாரியாக உள்ளே சென்று மக்களைச் சந்தித்தவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டெழுதிப் பாடியே உரிமையுணர்ச்சியை ஊட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் பாட்டு புரியும் அல்லவா! 1936இல் நடேசய்யர் ஹட்டன் தொகுதியில் வெற்றி பெற்றார்.

1939 ஜூலையில் ஜவஹர்லால் நேரு இலங்கை சென்றபோது பல சங்கங்கள் ஒன்றாகி இலங்கை இந்தியக் காங்கிரசு உருவாயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானார். மலையகத்தின் முதல் தியாகி என்று அவரை இன்றும் போற்றுகின்றனர்.

1947இல் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. சௌமியமூர்த்தி தொண்டமான், கே. ராஜலிங்கம், சி.வி. வேலுப்பிள்ளை, ஜி.ஆர். மோத்தா, கே. குமாரவேலு, எஸ்.எம். சுப்பையா, டி. இராமானுஜம் ஆகிய எழுவர் காங்கிரசின் சார்பில் வென்றனர். இவர்களுள் வேலுப்பிள்ளை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். தேயிலைத் தோட்ட வாழ்வைக் கவிதையிலும் நாவலிலும் வடித்தவர். மலையக நாட்டார் பாடல்களைத் திரட்டியவர். இலக்கியவாதி ஒருவர் தம் மக்களின் பிரதிநிதியாகவும் அவையில் அமர்ந்தார் என்பது இலக்கிய வட்டத்தினர் மனங்கொள்ளத்தக்கது. தோட்ட மக்களின் வாக்கு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் துணை செய்தது. அதுவே அவர்களுக்கு வினையாயிற்று.

1948: இரு கரைகள்

1948ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. மன்னரின் குடிகளாக இருந்த நம் முன்னோர் ஒரு குடியரசின் குடிமக்களாகும் பாதையில் அடியெடுத்து வைத்தனர். அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. டி.எஸ். சேனநாயக்கா அரசு இயற்றிய அச்சட்டத்தின்படி, ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது; அவருடைய தந்தையும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும். 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமை இல்லாதவரின் வாக்கையும் பறித்தது. தமிழ்த் தலைவர்களுள் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் இதனைக் கடுமையாக எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். ஆயினும் சட்டம் நின்றது.

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 இறுதியிலும் 1952 தொடக்கத்திலும் நடந்தது. புதுக்கோட்டைச் சீமையின் கூலியாளும் அவர் மனைவியும் வாழ்வில் முதன்முறையாக வாக்களித்தனர். அதே 1952இல் மே மாதம் இலங்கையில் நடந்த தேர்தலில் ஏழு உறுப்பினரை அனுப்பிய மக்களுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. ஏப்ரல் இறுதியில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீண்டும் அரசு இறங்கிவரவில்லை. அண்ணன் வாக்குப் பெற்ற ஆண்டில் தம்பி வாக்கிழந்து நின்றான். ஒரே குடும்பத்தின் இரு கிளைகளுக்கு ஒரே ஆண்டில் இத்தகைய எதிரெதிர் விதி வாய்த்ததற்கு இணையான நிகழ்ச்சி வரலாற்றில் அரிது.

மூன்று புரிக் கயிறு

இனி, பள்ளிக்கூடத்திற்கும் வாக்கிற்கும் உள்ள தொடர்பை நோக்குவோம். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாமல் அங்கு வசித்ததைச் சான்றுகளோடு மெய்ப்பிக்க வேண்டும். இரண்டாண்டுக் கெடுவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தை எதிர்த்துக் காங்கிரசு முதலில் புறக்கணித்ததால் காலம் வீணாயிற்று. பின்னர் அவசர அவசரமாக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பம் போயிற்று. குடியுரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

எஞ்சியவர் ஏன் தோற்றனர்? பிறப்புப் பதிவு இல்லை. ஊர்க் கோயில் திருவிழாவுக்கோ தாயின் சாவுக்கோ ஒருமுறை இந்தியா வந்துபோனது வசிப்பில் இடைவெளி எனப்பட்டது. அதிகாரியின் வினாவுக்கு விடை எழுதத் தெரியவில்லை. கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது கைநாட்டு வைத்தவருக்கே தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கல்வி, சட்டத்தின் முன் வந்து நின்றபோது வாயடைத்துப் போயிற்று. வாக்கு இல்லாமையால் பள்ளிக்கூடம் கேட்க அவையில் ஆளில்லை. பள்ளிக்கூடம் இல்லாமையால் அடுத்த தலைமுறைக்கும் தாளின் மொழி தெரியவில்லை. தாள் இல்லாமையால் குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாமையால் வாக்கு இல்லை. இச்சுழலில் முப்பது ஆண்டுகள் கழிந்தன. பேர், எழுத்து, வாக்கு மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒன்றை அறுத்தால் ஏனைய இரண்டும் தாமே பிரியும்.

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா, டெக்சாசு பகுதிகளில் பழமும் பருத்தியும் பறித்த மெக்சிகோ வழியினரின் வரலாறு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அவர்களுக்கும் பெயரைப் பிறரே இட்டனர். 1930களின் பொருளாதார நெருக்கடியில் அவர்களுள் லட்சக்கணக்கானோர் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டனர். அமெரிக்க மண்ணில் பிறந்தவரும் அதில் அகப்பட்டனர். அவர்தம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைத்ததை எதிர்த்துக் கலிபோர்னியப் பெற்றோர் சிலர் தொடுத்த மெண்டஸ் வழக்கு 1947இல் மேல்முறையீட்டிலும் வென்றது. 1965இல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சீசர் சாவேஸும் டோலரஸ் உவெர்ட்டாவும் முன்நின்றனர். 1975இல் வாக்குரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, தேர்தல் தாள்கள் அவர்கள் மொழியிலும் கிடைக்க வழி பிறந்தது. துன்பம் ஒன்றே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அந்நாட்டுக் குடிமகன் என்பதை 1868ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் உறுதி செய்திருந்தது. அந்த ஒரு பிடி அவர்களுக்கு இருந்தது. மலையகத்தார்க்கு 1948இல் அறுக்கப்பட்டது அந்தப் பிடிதான்.

எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டோர்

1964 அக்டோபர் 30ஆம் நாள் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்பாடு ஒன்றில் ஒப்பமிட்டனர். நாடற்றவர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். பங்கிடப்பட்ட மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய அவையிலும் அவர்தம் வாக்கால் தேர்ந்த பிரதிநிதி ஒருவரும் இல்லை. தொண்டமான் போன்ற ஓரிருவர் நியமன உறுப்பினராகவே இருக்க முடிந்தது.

அவ்வாறு வந்தவர்களைத் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்கு 'ராமானுஜம்' கப்பல் சுமந்து வந்தது. மலைநாட்டில் புகைவண்டியைக் கோச்சி என்பர். கோச்சி புறப்படும்போது நிலையத்தில் எழுந்த அழுகை, பிணத்தின் முன் எழும் ஒப்பாரியினின்றும் வேறுபட்டதன்று என்று வந்தவர்கள் கூறுவர். பாட்டன் புதைந்த மண்ணை விட்டுப் பூட்டன் பிறந்த மண்ணுக்கு வந்தனர். மண்டபம் முகாமில் சில நாள். பின்னர் நீலகிரியில் 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள், கேரளத்திலும் கருநாடகத்திலும் இரப்பர்த் தோட்டங்கள், சிறு கடனுதவியோடு சொந்த மாவட்டங்கள். நம் மாவட்டத்திற்கும் வந்தனர். அங்கே இந்தியாக்காரன் என்று ஏசப்பட்டவர் இங்கே சிலோன்காரர் ஆயினர். ஒரு மனிதனுக்கு இரு நாட்டிலும் அடுத்த நாட்டின் பெயரே கிடைத்தது. மறுபடியும் அரைப்பேர்தான்.

மீட்சி

அங்கே தங்கியவர்கள் வாளாவிருக்கவில்லை. 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் பணியாற்றிய இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் ஓர் இளைஞர் தலைமுறையை உருவாக்கினர். அத்தலைமுறையே "மலையகம்" என்ற சொல்லைத் தன் பெயராக ஏந்திற்று. பிறர் இட்ட பெயரை நீக்கித் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டது, சட்டம் ஒன்றை வென்றதற்கு ஒப்பானது. 1977இல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வென்று நாடாளுமன்றம் புகுந்தார், 1978இல் அமைச்சரானார். 1986 ஜனவரியில் அவர் நடத்திய பிரார்த்தனைப் போராட்டத்தில் தோட்டங்கள் காலை நேரத்தில் வேலையை நிறுத்தி வழிபட்டன. கொழுந்து பறிக்கும் கை நின்றால் தீவின் பொருளாதாரம் நிற்கும் என்பதை அரசு உணர்ந்தது. 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்ற நிலை அங்கே ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

இருப்பினும் அரைப்பேரின் சுவடு அழியவில்லை. பிரதேச சபையின் பணத்தைத் தோட்டப் பகுதிக்குச் செலவிடத் தடையாயிருந்த சட்டப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. 1953இல் இலங்கை மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவராக இருந்தவர்கள் 2012ஆம் ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு நால்வர். அனுப்பப்பட்டோர் ஒருபுறம்; இந்தியத் தமிழர் என்ற பெயரால் வந்த துன்பத்திற்கு அஞ்சி, ஏட்டில் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டோர் மறுபுறம். 2023இல், வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த அதே வழியில் மலையக மக்கள் நடந்தனர். அன்று பசியால் நடந்த வழியை இன்று நினைவால் நடந்தனர்.

நமது கடன்

இவ்வரலாறு அக்கரையோடு முடிந்துவிடுவதாயின் நாம் படித்து இரங்கிவிட்டு மூடிவைக்கலாம். அவ்வாறு முடியவில்லை. 1983க்குப் பின்னர் போரால் துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே தோப்புக்கொல்லையிலும் லெணாவிளக்கிலும் அழியாநிலையிலும் முகாம்கள் அமைந்தன. தமிழகத்து முகாம்களில் வாழ்வோருள் கணிசமானோர் மலையக வழியினர். 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது நல்ல செயல். ஆயினும் பெயர் மாறினாலும், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் பலருக்கு இந்தியக் குடியுரிமையும் வாக்கும் இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பூட்டன் பிறந்த சீமையில், நம் பேருந்து நிற்கும் தொலைவில், ஒரு தலைமுறை வாக்கில்லாமல் வளர்கிறது. 1948இல் சேனநாயக்கா அரசு செய்ததைக் கண்டிக்கும் நாம், இதனைக் கண்டும் காணாதிருத்தல் தகுமா?

எழுத்து வந்தால் குரல் வரும் என்பதை நம் மாவட்டம் நேரில் கண்டிருக்கிறது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் இங்கே பரவியபோது, கல் உடைக்கும் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்றார்கள், மிதிவண்டியும் கற்றார்கள். கைநாட்டு வைத்தவர் கையொப்பம் இட்டபோது அவர் நிமிர்ந்து நின்ற நிலையை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நிமிர்வே மலைமேல் மக்களுக்கு முப்பது ஆண்டுகள் மறுக்கப்பட்டது.

இலக்கிய வட்டத்தின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து முடிக்கின்றேன். பதினோராம் ஆண்டில் ஒரு சிறு பணியை மேற்கொள்வோம். நம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் கண்டிக்குப் போனவர் யார், திரும்பியவர் யார், தொடர்பற்றுப் போனவர் யார் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். பழைய பெட்டிகளில் கடிதங்கள் கிடைக்கலாம். தகர வில்லை ஒன்றும் கிடைக்கலாம். முகாம்களில் வாழும் மூத்தோரை நம் கூட்டத்திற்கு அழைத்து, அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே கேட்போம். வாக்கை நாம் தர முடியாது. அது சட்டத்தின் கையில் உள்ளது. பேரை முழுமையாக எழுதிவைக்க நம்மால் முடியும். எழுதப்பட்ட பேரைப் பாதியாக வெட்டுவது அத்துணை எளிதன்று.